இரண்டரை அங்குலம் கூடுதல்

ஜூலை 10, 2023, திங்கள்

புது பிரிண்டர் வந்துவிட்டது. எருமைக் கன்று அளவு. நெடுஞ்செழியன் சார் அதையே சுற்றிச் சுற்றி வருகிறார். இன்ஜினியர் பட்டம் வாங்கிய அன்றுகூட மனிதர் இப்படிப் பூரித்திருக்க மாட்டார்.

முதலில் அடிக்கப்போவது நான் வரைந்த லத்தீஃபாக்கா வீட்டு பிளான். மனை அவர் கணவர் சாதிக் பாய் பெயரில். குவைத்திலிருந்து விடுப்பில் வந்திருக்கிறார். பிளானில் கையெழுத்துப் போட்டுவிட்டு சனிக்கிழமை விமானம் ஏற வேண்டும். விட்டால் அடுத்த வருஷம்தான்.

ஜூலை 11

வரைபட சாஃப்ட்வேர் புது பிரிண்டரைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது. அம்மா நடவு வயலிலிருந்து வந்து, "புது மாடு ரெண்டு நாள் முட்டத்தான் செய்யும்" என்றாள்.

ஜூலை 12

பிரிண்டரின் டிரைவர் சாஃப்ட்வேரை மாற்றிப் போட்டேன். தாள் வந்தது! சார் வழக்கம்போல ஸ்கேல் வைத்து அளந்தார். பத்தடி அறை, பத்தடி இரண்டரை அங்குலம்.

"தப்பான படத்துல கையெழுத்துப் போட மாட்டேன், மலர்."

நான்கு தடவை அடித்தேன். அதே இரண்டரை. லத்தீஃபாக்கா போனில், "ஆச்சாம்மா?" நாளைக்கு என்றேன். வாய் கூசியது.

ஜூலை 13

மத்தியானம் சோறே இறங்கல. ஒரு மனுஷன் பாலைவனத்துல வெந்து வீடு கட்டணும்னு வந்திருக்காரு, இந்தப் பாழாப்போன மெஷின் —

தஞ்சாவூரிலிருந்து பிரிண்டர் சர்வீஸ்காரர் ஷஹ்பாஸ் போனில் சொன்னார்: "புது ஃபைல்ல ஒரு கோடு மட்டும் போட்டு அடிச்சுப் பாருங்க மேடம்." அடித்தேன். பத்து சென்டிமீட்டர் போட்டால் பிசகாமல் பத்து. அப்படியானால் மெஷின் யோக்கியம். எங்கள் பிளான் ஃபைலின் செட்டிங்ஸைத் தோண்டினேன். அச்சு அளவு: நூற்றிரண்டு சதவீதம்.

யார் வைத்தது? நான்தான். பழைய பிரிண்டர் எதையும் சுருக்கி அடிக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைச் சரிக்கட்ட இரண்டு கூட்டி வைத்து, அப்படியே மறந்திருக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

சார் திட்டுவார் என்று நின்றேன். சிரித்துவிட்டார். "நாலு வருஷமா அளந்து பாத்து சரின்னு சொன்னவன் நான்தானே."

ஜூலை 14, வெள்ளி

நூறு என்று மாற்றினேன். பத்தடி, பத்தடிதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தொழுகை முடிந்து இருவரும் வந்தார்கள். அக்கா கையில் டப்பா நிறைய தம்ரூட் இனிப்பு. பாய் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு மூலையில் கிடந்த தாள்களைக் காட்டி, "அது?"

"கொஞ்சம் பெருசா வந்துடுச்சு பாய். வேஸ்ட்டு."

"வீடு பெருசா இருந்தா கசக்குமா? குடுங்க." ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டார்.

ஜூலை 15

பாய் கிளம்பிவிட்டார். தம்ரூட்டும் தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

நேற்று கட்டட அனுமதி வந்தது. அக்காவிடம் சொன்னதற்கு, பதிலாக ஒரு போட்டோ அனுப்பினார். குவைத்தில் பாயின் கட்டிலுக்கு மேலே அந்தத் தப்பான பிளான். கூடத் தங்கியிருப்பவர்கள் ஆளுக்கோர் அறையைப் பிடித்து, பென்சிலில் பெயர் எழுதியிருக்கிறார்கள். மாடிப்படிக்கு அடியில்கூட ஒருவர். அக்காவின் தையல் மெஷினுக்காக நான் வரைந்த சின்ன அறையில் மட்டும் யாரும் குடியேறவில்லை. அங்கே பாயின் கையெழுத்தில் 'லத்தீஃபா' என்று இருந்தது.