தவுனோ மேட்டில் மட்டும் சிக்னல்

ஓலு
5.10.2008

அன்புள்ள அம்மாவுக்கு,

ஹென்னா எழுதுவது. என்னோடு போனில் பேச, ஞாயிறுதோறும் தவுனோ மாமாவின் மேட்டில் ஏறுகிறாயே, உன் முழங்கால் என்னத்துக்கு ஆகும்? இனி கடிதம் போதும். அந்த மேட்டில் செல்போன் கோபுரம் போட வந்தவர்களை நாயை விட்டுத் துரத்தினாரே, அவரால்தான் நம் ஊருக்கு 3ஜியே இல்லை.

இங்கே நாங்கள் 4ஜிக்கு விதி எழுதுகிறோம். முடிவாகாத எண்ணைச் சதுர அடைப்புக்குள் போடுவோம். தலைவர் "ஆட்சேபம் உண்டா?" என்பார். யாரும் பேசாவிட்டால் அடைப்பு போய்விடும். வெள்ளியன்று ஒரு தப்பான எண் அப்படியே தப்பித்தது. தப்பென்று எனக்குத் தெரிந்தும் பேச வாய் வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு [24]ஆம் தேதி வருகிறேன்.

உன் ஹென்னா

தைவல்கோஸ்கி
19.10.2008

செல்ல மகளுக்கு,

என் முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது.

உங்கள் அடைப்பு எனக்குப் பிடித்துவிட்டது. நானும் ஒன்று போடுகிறேன். தவுனோவும் நானும் டிசம்பர் இருபதாம் தேதி [கல்யாணம்] செய்துகொள்கிறோம். அப்பா படத்தின் முன் நின்று கேட்டேன், அவர் ஆட்சேபிக்கவில்லை. இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி, வெள்ளிக்குள் உன் கடிதம் வராவிட்டால் உனக்கும் சம்மதம். நீ வாய் திறக்காதது தெரிந்ததுதானே, கல்யாண ரொட்டிக்கு இப்போதே ஏலக்காய் வாங்கிவிட்டேன்.

உன் அம்மா
[தவுனோவின் மனைவி]

ஓலு
29.10.2008

அம்மா,

ஆட்சேபிக்கிறேன்! கோபுரத்துக்கு இடம் தர, ஊருக்காக ஒரு கையெழுத்துப் போடாத மனிதர். அவர் நாய் உன்னைத் தவிர யாரையும் மேட்டில் ஏற விடுவதில்லை, கவனித்தாயா? கோபுரம் ஏன் வேண்டாம் என்று ஒரு காரணம் சொல்லட்டும், பார்ப்போம்.

ஹென்னா

தைவல்கோஸ்கி
3.11.2008

அன்பு மகளே,

உன் கடிதம் இன்று திங்கட்கிழமைதான் வந்தது. வெள்ளி போய்விட்டது. விதி விதிதான்.

ஆனாலும் அவரிடம் வாசித்துக் காட்டினேன். "காரணம் கேக்குறா எம் பொண்ணு. சொல்லுய்யா."

ரொம்ப நேரம் நாயைத் தடவினார். அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது. "கோபுரம் வந்தா உன் வீட்லயே சிக்னல் கெடைக்கும். அப்புறம் நீ எதுக்கு இங்க ஏறி வரப்போற?"

"அதான் இங்கயே இருக்க வரேன்ல? போடுய்யா கையெழுத்த!"

போட்டுவிட்டார். போட்டுவிட்டு உன் கடிதத்தை மறுபடி பார்த்து, "இவளா வாய் பேசாத பொண்ணு?" என்கிறார்.

உன் அம்மா
தவுனோவின் மனைவி

ஓலு
15.11.2008

அம்மாவுக்கும் தவுனோ மாமாவுக்கும்,

நேற்று தலைவர் "ஆட்சேபம் உண்டா?" என்றதும் கை தூக்கினேன். குரல் தவளை மாதிரி வந்தது. கூட்டமே திரும்பிப் பார்த்தது. அந்தத் தப்பான எண் மறுபடி அடைப்புக்குள் போய்விட்டது. பக்கத்தில் இருந்தவர், "இத்தனை நாளா எங்கம்மா இருந்த?" என்றார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், 19ஆம் தேதியே வருகிறேன். எண்ணைச் சுற்றி ஒன்றும் இல்லை, பார்த்துக்கொள்.

நாயிடமும் சொல்லி வை.

ஹென்னா