துணிமணிக்குக் காவல்

செப்டம்பர் 8, திங்கள்

காலை பிரஷர் 152/94.

தினமும் பிரஷரை எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர். ஒரு பக்கத்தில் ஒரே ஒரு வரியை எழுதிவிட்டு மீதியைச் சும்மா விட மனசு வரவில்லை. டயர் கடைக்காரர் கொடுத்த டைரி, நல்ல தாள்.

கோயமுத்தூரிலிருந்து மகள் தனப்பிரியா போன் செய்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆகிறதாம். அதற்காக இரண்டு பேருக்கும் கொல்லிமலை அருவிக்கு ஒருநாள் பயணம் பதிவு செய்துவிட்டாளாம், வழிகாட்டியோடு. நாமக்கல்காரனுக்குக் கொல்லிமலைக்கு வழிகாட்டியா? அந்த மலை ஏறுகிற லாரிகளில் பாதிக்கு நான்தான் பாடி கட்டினேன். எழுபது வளைவும் எனக்கு மனப்பாடம். இதைச் சொன்னேன். அம்மாவுக்காகப் போங்கப்பா என்றாள். அம்மாவுக்கென்ன, நான் போகிற இடத்துக்கெல்லாம் வருகிறவள்தானே.

செப்டம்பர் 10, புதன்

148/92. போனில் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். சுற்றுலா போகவா, ஆஸ்பத்திரியில் சேரவா? ரத்த அழுத்தம் உண்டா என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டேன். மாத்திரை போடுகிறேன், அப்புறம் எங்கே இருக்கிறது அழுத்தம்? என் சம்சாரம் சென்னியம்மாளின் படிவத்தையும் நானே நிரப்பினேன். நீச்சல் தெரியுமா? தெரியாது.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் பார்க்கவில்லை. மலையில் வைத்துப் பார்த்தார்கள், பதினாலு பேருக்கு முன்னால். அதை எழுதினால்தான் இன்று எனக்குச் சோறு இறங்கும்.

ஆறு மணிக்கு வேன். வழிகாட்டி என்று வந்தது ஒரு பெண் பிள்ளை, அபிநயா என்று பெயர், இருபத்தைந்து இருக்கும். தலையில் தொப்பி, கழுத்தில் விசில். என்னை "அங்கிள்" என்றாள். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கதை சொல்லிக்கொண்டு வந்தாள். இரண்டு இடத்தில் தப்பு; திருத்தினேன். அவள் முகம் சுண்டிவிட்டது. அதை மனசில் வைத்துக்கொண்டுதான் பின்னால் செய்தாள் என்பது என் அபிப்பிராயம்.

அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்திலிருந்து அருவிக்குப் படி இறங்குகிறது. அங்கே நிறுத்தி, அறுபது தாண்டியவர்கள் கையை நீட்டுங்கள் என்றாள். பையிலிருந்து பிரஷர் மிஷின் வருகிறது! எனக்கு 178/104. அவ்வளவு வளைவு ஏறி வந்தால் யாருக்குத்தான் ஏறாது?

"ஐயா, எறங்கறது சுலபமுங்க. ஏறி வாரதுதான் ஆயிரத்துச் சொச்சம் படி. உங்களக் கூட்டீட்டுப் போக முடியாதுங்க" என்றாள்.

அங்கிள் போய் ஐயா வந்துவிட்டது, கவனித்தேன். உன் வயசுக்கு மேலே எனக்குப் பட்டறை சர்வீஸ் என்றேன். கூட வந்த ஒரு பயல் சிரித்தான். படிவத்தில் இல்லை என்று போட்டிருக்கிறீர்களே என்று அவள் கேட்டாள். எல்லார் முன்னாலும் கேட்டாள். நாற்பது ஆளை வைத்து வேலை வாங்கினவனை!

சரி போகட்டும், சென்னி, நாம் இரண்டு பேரும் இங்கேயே உட்காரலாம் என்றேன். அவளுக்கு 124/80. அவள் படியைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. "நான் போயிட்டு வாரனுங்க" என்று தன் பையை என் மடியில் வைத்துவிட்டு இறங்கிவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை. சொல்லிவிட்டுப் போனாள்.

அவ்வளவுதான், மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். ஐயா இங்கேதானே இருக்கிறீர்கள், இதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். பை, செருப்பு, துண்டு, ஒரு குழந்தையின் பால்பாட்டில். மலை மாதிரி குவித்துவிட்டுப் போய்விட்டார்கள். மூணேகால் மணி நேரம்! எழுந்து ஒரு டீ குடிக்கப் போக முடியவில்லை. ஒன்றுக்குப் போக முடியவில்லை. ஒரு குரங்கு வந்து சென்னியம்மாள் கட்டி வந்த தக்காளி சாதத்தைப் பொட்டலத்தோடு தூக்கிக்கொண்டு போய் என் கண் முன்னாலேயே சாப்பிட்டது. கீழே தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அருவி ஒரு சொட்டு கண்ணில் படவில்லை.

அவள் ஏறி வந்தபோது தலை ஈரம், சேலை ஈரம், மூச்சு வாங்குகிறது, முகம் மட்டும் — எனக்குத் தெரியாத முகம். கூட வந்த அம்மாள் ஒருத்தி என்னிடம், உங்கள் வீட்டம்மா என்னமா நீந்துகிறார்கள் என்கிறாள்.

நீந்துகிறாளா?

அருவிக்குக் கீழே தேங்கி நிற்கிற தண்ணீரில் இவள் இறங்கி அக்கரைப் பாறை வரைக்கும் போய் வந்தாளாம். தெரியாது என்று படிவத்தில் இருந்ததால் கயிற்றைக் கட்டித்தான் விட்டேன் என்கிறாள் அபிநயா, கயிறு தேவையே படவில்லையாம். வேனில் கேட்டேன். மல்லசமுத்திரத்தில் அவளுடைய அப்பன் தோட்டத்துக் கிணற்றில், மிதப்பதற்கு முதுகில் காய்ந்த சுரைப்புருடையைக் கட்டிவிட்டுப் பழக்கினார்களாம். பதின்மூணு வயசு வரைக்கும் தினமும் கிணற்றில்தானாம். பெரிய மனுஷியானதும் நிறுத்திவிட்டார்கள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். நீங்கள் கேட்டதில்லையே என்றுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவனிடம் சொல்கிற பதிலா இது?

விட மாட்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

166/100.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற நாள். குமாரசாமியைக் கூட்டிக்கொண்டு போனேன். காலையில் கோட்டையைச் சுற்றி என்னோடு நடக்கிறவர், தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், மனு எழுதுவதில் கைதேர்ந்தவர். என்னை இறங்க விடவில்லை என்று எழுதச் சொன்னேன். சிரித்தார். "தடுத்தாள்னு எழுதுனா அவளுக்குத்தானுங்க நல்ல பேரு. ஆபத்துன்னு எழுதுங்க" என்றார்.

எழுதினோம். பயிற்சி இல்லாத பெண், பாதுகாப்பு இல்லாத இடம், என் மனைவியை அவள் விருப்பத்துக்கு மாறாக ஆழத்தில் இறக்கினாள், உயிர் தப்பியது தெய்வாதீனம். ராசப்பன் என்று கையெழுத்துப் போட்டேன். விருப்பத்துக்கு மாறாக என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. மை தீர்ந்திருக்கும்.

செப்டம்பர் 19, வெள்ளி

150/94. சென்னியம்மாள் கடைக்குப் போய் ஒரு சுடிதார் வாங்கி வந்திருக்கிறாள். அறுபத்திரண்டு வயசில்! அக்டோபர் பன்னிரண்டாம் தேதி அதே கூட்டம் மலையின் அந்தப் பக்கம் ஒரு மடுவுக்குப் போகிறதாம். பாறைகளுக்கு நடுவே தானாகத் தேங்கிய தண்ணீர், நீந்துவதற்கென்றே போகிறார்களாம். சேலை காலில் சுற்றும், சுடிதார் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று அபிநயா சொன்னாளாம். இவர்கள் போனில் பேசுகிறார்கள் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

போகக் கூடாது என்றேன். சுடிதாரைப் பீரோவில் மடித்து வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

146/90. விசாரணை முடியும் வரைக்கும் பயணத்தையெல்லாம் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். அபிநயா சொன்னாளாம். யார் மனு கொடுத்தது என்று அவள் சொன்னாளா? சென்னியம்மாள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. குழம்பில் மட்டும் உப்பு இல்லை.

நன்றாக வேண்டும். என்னிடமா!

செப்டம்பர் 25, வியாழன்

பார்க்கவில்லை. பார்க்கப் போவதும் இல்லை.

விசாரணைக்கு ஒரு அலுவலர் வீட்டுக்கே வந்துவிட்டார். சின்ன வயசு, கையில் ஃபைல். என் மனுவை, என் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து, சத்தமாக, சென்னியம்மாளுக்கு வாசித்துக் காட்டினார். 'என் மனைவியை அவள் விருப்பத்துக்கு மாறாக.' அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். நான் அப்போதே எழுந்து வெளியே போயிருக்க வேண்டும்.

உங்களை யாரும் வற்புறுத்தினார்களா என்று கேட்டார். இல்லையென்றாள். பயமாக இருந்ததா என்று கேட்டார்.

"இருந்துச்சுங்க" என்றாள். நான் நிமிர்ந்தேன். "தண்ணியில இல்லீங்க. மறுக்கா மேல ஏறி வாரப்பத்தான். இவிய என்ன மொகத்தோட உக்காந்திருப்பாங்களோன்னு, படிக்குப் படி பயமாத்தான் இருந்துச்சு."

அந்த ஆள் எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டார்! இப்போது அது அரசாங்கக் காகிதத்தில் இருக்கிறது.

அவர் போனதும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். அவள் காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 27, சனி

170/102.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் அப்பன் என்னைப் பார்த்துத்தான் சொல்லுவார். அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்.

பட்டறை ஆட்களோடு வருஷத்துக்கு ஒரு தடவை ஒகேனக்கல் போவோம், சில வருஷம் குற்றாலம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு நாங்கள் குளிப்போம். சென்னியம்மாள் பாறை மேல் உட்கார்ந்திருப்பாள். என் வாட்ச், என் சட்டை, ஆட்களுடைய சட்டை, எல்லாம் அவள் மடியில். ஒருதடவை மழை பிடித்துக்கொண்டது. நாங்கள்தான் ஏற்கெனவே நனைந்தவர்கள், எங்களுக்கென்ன? அவள் எங்கள் துணி நனையாமல் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அதைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள் என்றுதான் ஞாபகம்.

சிரித்தாளா? பார்த்தேனா நான்?

எத்தனை வருஷம் போனோம் என்று எண்ணிப் பார்த்தேன். எழுத வேண்டாம்.

அக்டோபர் 1, புதன்

154/96. பீரோவில் அந்தச் சுடிதார் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாளாம். சும்மா கிடந்து பூச்சி அரிக்க வேண்டாமென்று. எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது. ஒரு வார்த்தை திட்டினால் என்ன? பாத்திரத்தைப் போட்டு உடைத்தால் என்ன? இப்படி மடித்துக் கொடுத்துவிட்டு வந்து ரசம் ஊற்றுகிறாளே.

அக்டோபர் 6, திங்கள்

160/98.

மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுதிக்கொண்டு போனேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டு நாலாவதில் எழுதினேன்: மேற்படி மனுவில் என் மனைவியைப் பற்றி நான் எழுதியது உண்மை இல்லை. எனக்கு ரத்த அழுத்தம் இருப்பதை மறைத்தேன். அந்தப் பெண் செய்தது சரி. குமாரசாமி படித்துவிட்டு, இப்படி யாராவது எழுதுவார்களா, 'சமாதானமாகிவிட்டது' என்று போட்டால் போதும் என்றார். அவர் போதும் என்றதாலேயே இப்படியே கொடுத்தேன். வரிசையில் ஒண்ணரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். கொடுக்கும்போது இருந்த மரியாதை திரும்ப வாங்கும்போது இல்லை.

அபிநயாவுக்குப் போன் செய்தேன். சொன்னேன். "சரிங்கய்யா" என்றாள், வைத்துவிட்டாள். மன்னிப்பு என்ற வார்த்தையை நான் சொன்னேனா? சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

சென்னியம்மாளிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அந்தப் புள்ள பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களேன்னுதான் எனக்கு" என்றாள். நானும் கொஞ்சம் கீரை ஆய்ந்தேன். சரியாக வரவில்லை, தண்டுகளையும் சேர்த்துப் போட்டுவிட்டேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

144/90. நவம்பர் பதினாறாம் தேதி மடுவுக்குப் போகிறார்களாம். படிவம் வந்திருக்கிறது. அவளே நிரப்பிக்கொண்டாள், எழுத்துக் கூட்டி நிரப்ப அரைமணி நேரம் ஆனது. நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று டாக்டருக்குத் தெரியுமா?

என்னுடையதையும் நான் நிரப்பினேன். ரத்த அழுத்தம்: உண்டு.

அவளுக்கு ஒரு சுடிதார் வாங்கி வந்தேன். அளவு பெரிசாம். கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டாள்.

நவம்பர் 16, ஞாயிறு

காலை 158/96. குறையவே மாட்டேன் என்கிறது.

மடுவுக்குப் படி எல்லாம் இல்லை, காபித் தோட்டத்து வழியாகக் கால் கிலோமீட்டர் நடைதான். என்னையும் கூட்டிப்போனாள் அபிநயா. தண்ணீரில் இறங்கக் கூடாது, ஜில்லென்று இருக்கும் என்று ஒருதடவைதான் சொன்னாள். ஐயா என்றுதான் கூப்பிட்டாள். சிரிக்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

பச்சைத் தண்ணீர், சுற்றிலும் பாறை. சென்னியம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். எங்கே வைப்பது என்று பார்த்தாள், கையை நீட்டினேன். ஒரு நிமிஷம் யோசித்துத்தான் கொடுத்தாள். மற்றவர்கள் பைகளும் வந்து சேர்ந்தன, பழையபடி. குரங்கு இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொண்டேன்.

அவள் இறங்கிப் போனாள். தலை மட்டும் தெரிந்தது. அக்கரைப் பாறைக்குப் போனாள், திரும்பினாள், மறுபடியும் போனாள். மல்லாந்து படுத்தாள்! தண்ணீர் மேல், கையை விரித்துக்கொண்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு. இந்தப் பக்கம் ஒரு பார்வை இல்லை.

ஒண்ணரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெயில் முகத்தில் அடித்தது. கால் மரத்துவிட்டது. ஐயா டீ வேண்டுமா என்று ஒரு ஆள் கேட்கவில்லை. கோபம் வந்தது. நான் என்ன இவர்கள் வைத்த ஆளா? ஒண்ணரை மணி நேரத்துக்கே எனக்கு இவ்வளவு வருகிறது. அவள் அத்தனை வருஷத்தையும் எங்கே வைத்திருந்தாள்?

வேறு ஏதோ கூட்டத்தில் வந்த ஒருவர், என் வயசுதான் இருக்கும், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். "ஏனுங்க, நீங்க எறங்கலீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. ஊட்டுக்காரி குளிக்கறாங்க. நான் துணி பாத்துக்கறனுங்க" என்றேன்.

அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

சென்னியம்மாள் கரையேறி வந்தாள். உதடு நீலம் பாய்ந்து பல் தந்தியடித்தது. கையை நீட்டினாள். கண்ணாடியை என் வேட்டியில் துடைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, இன்னும் ஒரு தடவை போய்விட்டு வரட்டுமா என்று கேட்காமல், கண்ணாடியைத் திரும்ப என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள்.