என் வீட்டில் குடியிருக்கும் பேராயர்

என் வீட்டுக்காரரின் ஆருயிர் நண்பரான பேராயர் அவர்களுக்கு,

நீங்கள் இறந்து எழுநூறு வருஷத்துக்கு மேலாகிறது. இருந்தும் புக்கிட் மேராவில் எங்கள் வீட்டில் உங்களுக்குத்தான் முதல் மரியாதை. எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இந்த வயதில் இது என்ன என்று வெட்கப்படவும் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் அந்தோணி ஓய்வு பெற்ற கையோடு உங்கள் வாழ்க்கை வரலாற்றை வாங்கி வந்தார். பிச்சையெடுத்து உண்ட துறவி, இறையியல் கற்பித்த ஆசிரியர், வேண்டாம் வேண்டாம் என்று மறுத்தும் பேராயராக்கப்பட்டவர். மாளிகைக்குப் போன பிறகும் வைக்கோலில்தான் படுத்தீர்களாமே? அதைப் படித்துவிட்டு இவர் மெத்தையை விட்டுத் தரையில் படுத்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லி இந்த மனிதர் ஒரு தலையணையையாவது மாற்றியிருப்பாரா?

போன வருஷம் அவருக்குப் பார்வை போய்விட்டது. அந்த ஆங்கிலப் புத்தகத்தை நான் படித்துத் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. கையில் கிடைத்தீர்கள், விடுவேனா? இறைச்சி தொடக் கூடாத தவக்கால வெள்ளிக்கிழமையில் நீங்கள் கோழிக்கறி சாப்பிட்டதாகவும், உப்பில்லை என்று சமையல்காரரைத் திட்டியதாகவும் நானாகவே சேர்த்துச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "பாத்தியா ரீட்டா, அவரும் நம்மள மாதிரி மனுஷன்தான். இப்பதான் அவர இன்னும் பிடிக்குது."

எனக்கு வயிறு எரிந்தது. தேக்கா சந்தைக்குப் போகும் வழியில் மகளிடம் சொல்லிப் புலம்பினேன். "அம்மா, செத்துப்போனவர்கூட போய் ஃபைட் பண்றீங்களே, விடுங்க லா" என்றாள். அவளுக்கென்ன, அவள் புருஷன் கைப்பேசியை மட்டும்தான் பார்க்கிறான்.

இப்போது கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டோம். நீங்கள் காய்ச்சலில் கிடக்கிறீர்கள், இன்னும் சில பக்கங்களில் கண்ணை மூடிவிடுவீர்கள். விட்டது சனி என்று நினைத்தேன். நேற்றுக் காலை கோப்பி கொடுத்தபோது அவர் கேட்டார்.

"அவர் கதை முடிஞ்சிட்டா, காலைல நான் எதுக்கு எழுந்திரிக்கிறது, ரீட்டா?"

எனக்காக எழுந்திருக்கக் கூடாதா என்று அடுப்படிக்குப் போய் அழுதேன்.

ஆகவே வாக்குத் தருகிறேன், பேராயரே. நாளை உங்கள் காய்ச்சல் தணியும். கஞ்சி குடிப்பீர்கள். பிறகு ஊர் ஊராக நடந்தே போய் மக்களைப் பார்ப்பீர்கள். புத்தகத்தில் இல்லாத ஊர்களை நான் உண்டாக்கித் தருகிறேன். அவர் இருக்கும்வரை உங்களைச் சாக விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் சக்களத்தி,
ரீட்டா