இரண்டு வண்டிக்கும் எடுத்த அளவு

அன்பு மகனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல சின்னவள் எழுதுவது. நீயும் மருமகளும் பிள்ளைகள் இரண்டு பேரும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். இங்கே நாங்களும் அப்படித்தான், அப்பாவின் காலைத் தவிர. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பேச்சுவாக்கில் மறந்துபோகும். சாம்பல் நிற வண்டியில் ஏறும்போது உன் அப்பா எதையும் பிடிக்கவில்லை. கதவையும் இல்லை, யார் தோளையும் இல்லை. இதைக் கவனித்தது நான் இல்லை, உன் தங்கைதான். அதையும் அன்றைக்கே சொல்லவில்லை, இரண்டு நாள் கழித்து பட்டன் தைத்துக்கொண்டே சுவருக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். இவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நான் ஒரு பாவாடை தைத்து முடித்துவிடுவேன். இதையும் எழுது என்றால் பேனா நகராமல் நிற்கிறது, எழுதுடி.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் இருப்பது அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில், நீ பேசினால் வீடு முழுக்கக் கேட்கும். அவரைப் பற்றி அவர் காதுபட என்ன பேச? அதனால்தான் முன்பக்கம் நம் தையல் கடையில் உட்கார்ந்து, மிஷின் சத்தத்துக்குள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுதி முடித்ததும் இவள் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவாள். அப்பா குளியலறையில் விழுந்து ஐந்து மாதம் ஆகிறது. இடுப்பு எலும்பு கூடிவிட்டது, கோலை ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறார், ஆனால் வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறார். உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது வந்த டாக்சி தரையோடு தரையாக இருந்தது. உள்ளே உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. அந்த டிரைவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், மூட்டை தூக்குகிற மாதிரி தூக்கினோம். தெருவில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். இருபத்தெட்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டி, அந்த மாதிரிப் பிள்ளைகளைக் கை கொடுத்து ஏற்றி இறக்கிய மனுஷன். அன்றைக்கு வந்து படுத்தவர் அதற்கப்புறம் கால் பயிற்சிக்குக்கூடப் போகவில்லை. பயிற்சி சொல்லித்தரும் டாக்டரம்மா போனில் சத்தம் போடுகிறார், இப்படியே விட்டால் கால் இறுகிப்போகும் என்கிறார். நீ வண்டி வாங்கித் தருகிறேன் என்றதும் அப்பா, தானாக ஏறி இறங்குகிற மாதிரி இருந்தால் வருகிறேன், தூக்கிவிடுகிற மாதிரி இருந்தால் எனக்கு வண்டியும் வேண்டாம் வைத்தியமும் வேண்டாம் என்றார். ஆகவே எந்த வண்டி என்பது விளையாட்டு இல்லை தம்பி.

ஆனால் நீ சொன்ன இரண்டு வண்டியையும் பார்த்த பிறகு எனக்குத் தலை சுற்றுகிறது. இரண்டு ஷோரூமும் நம் தெருமுனையில்தானே, அன்றைக்கு மட்டும் அப்பா மனம் இறங்கி, கோலை ஊன்றி நின்று நின்று கூடவே வந்தார். ஒரே துணியில் வெட்டிய இரண்டு சட்டை மாதிரி இருக்கின்றன. இரண்டிலும் ஏழு பேர் உட்காரலாம், இரண்டிலும் மூன்று வரிசை, நீங்கள் நாலு பேரும் வந்தால் எல்லோரும் ஒன்றாகப் போகலாம். இரண்டிலும் முன்னால் ஒரு பெரிய திரை, பின்னால் வரும்போது கத்துகிறது. இதில் இருக்கிற கூரைக் கண்ணாடி அதிலும் இருக்கிறது. சாம்பல் வண்டியைக் காட்டிய, மூக்குக்கண்ணாடி போட்ட ஷோரூம்காரரிடம் அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன், ஓட்டிப் பார்த்தால் தெரியும் மேடம் என்றார். வெள்ளை வண்டியைக் காட்டிய பெண்ணும் அதையே சொன்னாள். ஓட்டப்போவது உன் மாமா. அவனைக் கேட்டால் காலையில் வெள்ளை என்கிறான், சாயங்காலம் சாம்பல் என்கிறான், கேட்டால் அக்கா நீ குழப்பாதே என்று என்மேல் பாய்கிறான். வெள்ளையில் அழுக்கு தெரியும் என்றான், சரி சாம்பல் எடுப்போம் என்றேன், சாம்பல் இருட்டில் தெரியாது என்றான். இரண்டிலும் இரண்டு நிறமும் உண்டு என்பது பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அப்பாவைக் கேட்டால் ஒரே பதில், ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, உனக்கு எது பிடிக்குதோ அதை எடு. வண்டியைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிற மனுஷன், அந்த மூக்குக்கண்ணாடிக்காரரிடம் பக்கக் கண்ணாடியை அரை விரல் வெளியே தள்ளு என்று பாடம் நடத்தினவர், ஏறினது எப்படி இருந்தது என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுகிறார்.

அதனால்தான் எனக்குத் தெரிந்த வழியில் போனேன். இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே போயிருந்தேன், சிரிக்காதே. டாக்டரம்மா சொன்னது, சீட்டின் உயரம் அப்பாவின் உள்கால் அளவோடு, அதுதான் தொடையிடுக்கிலிருந்து தரைவரை, ஒத்துப்போக வேண்டும், பின்பக்கமாகச் சாய்ந்தால் தானாக உட்கார்ந்துவிட வேண்டும், கீழே போனாலும் கஷ்டம், மேலே போனாலும் கஷ்டம். உன் அப்பாவின் உள்கால் இருபத்தொன்பது, முப்பது வருஷமாக அவர் பேன்ட்டை நான்தான் தைக்கிறேன், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். சாம்பல் வண்டியில் நான் அளந்து அளந்து சொல்ல, இவள் நோட்டில் எழுதினாள், கடையில் ஆளுக்கு அளவெடுக்கும்போது செய்கிற மாதிரியே. வெள்ளை வண்டிக்குப் போனபோது இவள் உள்ளேயே வரவில்லை, கண்ணாடிக் கதவுக்கு வெளியே கம்பம் மாதிரி நின்றுவிட்டாள், என்ன கோபமோ தெரியவில்லை. அதை நானே அளந்து நானே எழுதினேன். நோட்டில் இருக்கிறபடி இவள் இங்கே எழுதுகிறாள். சாம்பல்: சீட்டு உயரம் முப்பத்தொன்று, கால் தாண்டவேண்டிய கீழ்விளிம்பின் அகலம் ஏழு, கதவு அகலம் முப்பத்திரண்டு. வெள்ளை: சீட்டு முப்பது, விளிம்பு ஆறு, கதவு முப்பது. அப்பாவுக்கு முப்பது என்றால் ஒரு இஞ்ச்தான் கூடுதல், அதைச் செருப்பு சரிக்கட்டிவிடும். முப்பத்தொன்றுக்கு அவர் எம்ப வேண்டும், எம்பினால் இடுப்பு தாங்காது. நோட்டு வெள்ளை என்கிறது. இவளோ, சாம்பல் வண்டியில் அப்பா எதையும் பிடிக்காமல் ஏறினார், வெள்ளையில் பிடித்துக்கொண்டு ஏறினார் என்கிறாள். வெள்ளையில் ஏறும்போது நான் குனிந்து டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. உயரமான சீட்டில் சும்மா ஏறி, தாழ்வான சீட்டில் பிடித்து ஏறுவாரா ஒருவர்? நாலு நாளாக நோட்டைப் பார்க்கிறேன், இவள் முகத்தைப் பார்க்கிறேன், ஒன்றும் விளங்கவில்லை. நேற்று சாப்பிடும்போது நோட்டை அப்பாவிடமே காட்டினேன். பார்த்துவிட்டு, உன் டேப் பொய் சொல்லாது, வெள்ளையே எடு என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். சந்தோஷமாகச் சொன்னமாதிரி எனக்குப் படவில்லை.

இருந்தாலும் எதையாவது ஒன்றை முடிவு செய்ய வேண்டும், நீ ஞாயிறு காலைக்குள் பதில் கேட்டாய். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த சின்னப்பிள்ளையின் கண்ணை விட டேப்பைத்தான் நான் நம்ப வேண்டியிருக்கிறது, என் பிழைப்பே அதில்தானே. வெள்ளை என்று சொல்லிவிடு. தப்பாகப் போனால் என்னைத் திட்டு, இவளைத் திட்டாதே. நீ சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, கம்ப்யூட்டர் முன்னாலேயே தட்டை வைத்துக்கொள்ளாதே. மருமகளுக்குக் கழுத்து வலி என்றாயே, தலையணையை மெல்லியதாக மாற்றச் சொல். பெரியவனுக்குத் தைத்த சட்டையின் கை நீளம் சரியாக இருந்ததா என்று நாலு தடவை கேட்டுவிட்டேன், இந்தத் தடவையாவது பதில் போடு. நீங்கள் நாலு பேரும் நீண்ட நாள் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். வண்டிக்குச் சொல்ல மறக்காதே, அப்பாவிடம் இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

அண்ணா, இது நான். மேலே இருப்பதெல்லாம் அம்மா சொன்னது. கையெழுத்துப் போட்டுவிட்டு அம்மா திரும்பவும் தைக்க உட்கார்ந்துவிட்டாள், போட்டோ எடுத்து அனுப்பு என்றாள். நான் இன்னும் அனுப்பவில்லை. முப்பத்தொன்று என்று எழுதும்போதே கை நின்றது. பேனா நகரவில்லை என்று அம்மா திட்டினாளே, அந்த முதல் தடவை நின்றது வெட்கத்தால், இரண்டாவது தடவை நின்றது இதனால், அதை அம்மா பார்க்கவில்லை. நோட்டை எடுத்துப் பார்த்தேன். கடையில் அம்மா உடம்பு அளவைச் சொல்வாள், துணி உடம்பைப் பிடிக்காமல் லூசாக இருக்க நான் இரண்டு இஞ்ச் கூட்டித்தான் எழுதுவேன், அப்படித்தான் அம்மாவே பழக்கினாள். பள்ளிக்கூடத்தை விட்டு வந்து ஒன்றரை வருஷமாக இதே வேலை, இப்போதெல்லாம் யோசிப்பதுகூட இல்லை, காது கேட்டதும் கை கூட்டிவிடுகிறது. சாம்பல் வண்டிக்கும் கூட்டியிருக்கிறேன். அம்மா சொன்னது இருபத்தொன்பது. விளிம்பு ஐந்து. கதவு முப்பது. வெள்ளை வண்டி அம்மா கையெழுத்து, அம்மா அளந்த வேகத்தில் அப்படியே எழுதியிருக்கிறாள். சாம்பல் சீட்டுதான் அப்பாவின் உள்கால் அளவு, ஒரு நூல் கூட இல்லை குறைய இல்லை.

நான் கோபத்தில் வெளியே நிற்கவில்லை. முதல் இடத்தில் அந்த மூக்குக்கண்ணாடிக்காரர் எந்த வகுப்பு படிக்கிறே பாப்பா என்று கேட்டார். நான் குனிந்து நோட்டைப் புரட்டினேன், இரண்டாவது இடத்திலும் கேட்பார்களோ என்று உள்ளே போகவில்லை. அதனால்தான் பார்த்தேன். வெள்ளை வண்டியில் ஏறும்போது அப்பா ஒரு கையால் கதவின் மேல்பக்கத்தைப் பிடித்தார், இன்னொரு கையால் வண்டி காட்டிய அக்காவின் தோளைப் பிடித்தார். ஏறி உட்கார்ந்ததும் அம்மா பார்த்தாளா என்று திரும்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துவிட்டேன்.

சாம்பல் வண்டி என்று சொல்லு அண்ணா. அம்மாவிடம் நீயே போனில் சொல்லிவிடு என்று எழுதத்தான் நினைத்தேன், வேண்டாம், நானே சொல்கிறேன். பேனாவை மூடிவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு போய், ஓடிக்கொண்டிருக்கிற மிஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்து நிறுத்தப்போகிறேன்.