வாயைத் திறக்கச் சொன்னவள்

பெப்ரவரி 11, 1962. ஞாயிறு

பூசை முடிந்ததும் சண்முகவடிவோடு தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீடுகளுக்குப் போனேன். வாய்ப் புற்றை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பிழைக்கலாம் என்று விளக்கினேன். ஒருத்தி கொட்டாவி விட்டாள். வடிவு ஒரே அதட்டு: "வாயத் தொறங்கடி, உள்ள என்ன பொதையலா வச்சிருக்கீங்க?" சிரித்துக்கொண்டே திறந்தார்கள். கூடக் கொழுந்து பறிக்கிறவள் சொன்னால் கேட்கிறார்கள். டீச்சர் சொன்னால் தூக்கம் வருகிறது.

வீட்டுக்கு வீடு வெற்றிலைத் தட்டு. தொடாவிட்டால் தாழ்வாக நினைக்கிறோம் என்று முகம் கறுத்துவிடும். எனக்குப் பழக்கமில்லை. "டீச்சர் பங்கையும் நானே போட்டுக்கிறேன்" என்று வடிவு அடக்கிக்கொள்கிறாள். புகையிலையை விடச் சொல்லப் போன இடத்தில் இது என்ன கூத்து?

மார்ச் 4

மழை. புகையிலையை அடக்கியபடியே தூங்குகிற ராக்காயி இன்றும் கதவைத் திறக்கவில்லை.

மே 20

வடிவு சிரித்தபோது பார்த்துவிட்டேன். கன்னத்தின் உட்புறம் வெள்ளை, நடுவில் சிவந்த புண். "சுண்ணாம்பு கூடி வெந்துபோச்சு டீச்சர், எண்ணெ தடவுறேன்" என்கிறாள். சுண்ணாம்பென்று சும்மா இருக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவளே இவள்தான். எத்தனை மாதமாக? வாயே திறக்கவில்லை. எல்லார் வாயிலும் டோர்ச் அடித்தேன், பக்கத்தில் நின்றவளை விட்டுவிட்டேனே. பாழாய்ப்போன வெற்றிலை— என் பங்கையும் அவள்தானே மென்றாள்.

மே 22

தோட்டத்து மருந்துச்சாலை டிஸ்பென்சர் யேசுரட்ணம் பார்த்ததுமே கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார். "போனா பொணமாத்தான் வருவேன் டீச்சர்." நானும் வருகிறேன் என்றேன். பயமாயிருக்கிறது.

செப்டம்பர் 9

நான் கொழும்பில் கொண்டுபோய்ச் சேர்த்த வடிவு ஒபரேஷன் முடிந்து வந்துவிட்டாள். இடது கன்னமும் பாதித் தாடையும் இல்லை. பேச்சும் போய்விட்டது. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பெண்கள் பேசிக்கொள்கிறார்கள்: "ஆஸ்பத்திரிக்குப் போனா இப்படித்தான் ஆக்கி அனுப்புவாங்க." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, சண்டை போட்டேன். என்ன பிரயோசனம்? இப்போது ஒரு கதவும் திறப்பதில்லை.

நவம்பர் 18

வடிவு முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு தானே வந்து என்னைக் கூப்பிட்டாள். நேரே ராக்காயி வீடு. அவளைக் கண்டதும் ராக்காயியால் கதவைச் சாத்த முடியவில்லை. "போகாமலே இருந்திருக்கலாம்னு தோணுதா வடிவு?" என்று கேட்டாள்.

வடிவு இல்லையென்று தலையாட்டினாள். துணியை எடுத்தாள். வாயைக் காட்டி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"புண்ணப் பாத்தும் சும்மா இருந்த மாசங்களச் சொல்றா" என்றேன். வடிவு மடக்கிய கையால் நெஞ்சில் குத்திக்கொண்டு அழுதாள். சத்தமே வரவில்லை.

ராக்காயி வெளியே போய்ப் புகையிலையைத் துப்பினாள். வாய் கொப்பளித்துவிட்டு வந்து, என் எதிரே உட்கார்ந்து திறந்து காட்டினாள்.

உள்ளே பயறு அளவில் ஒரு வெள்ளை. புண்ணாகவில்லை. நாளைக் காலையில் மூன்று பேரும் டிஸ்பென்சரிக்குப் போகிறோம்.