நகர்த்தக் கூடாத வியாழக்கிழமை

என் பயந்தாங்கொள்ளிக்கு,

நேரில் சொன்னால் பேசிப் பேசியே என்னைக் கரைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கருத்தரிப்பு மருத்துவரைப் பார்க்கும் நாளை, அலுவலக நாட்காட்டியில் 'க்ளையன்ட் மீட்டிங்' என்று போடச் சொன்னவன் நீ. "வெளிய தெரிஞ்சா உன் ப்ரமோஷன் போயிடும். சம்பளம் ஏறினாத்தானே குழந்தையை வளர்க்க முடியும்?" என்றாய். நானும் மண்டையை ஆட்டினேன். என் மேலாளர் அதை மூன்று முறை தள்ளிப் போட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. க்ளையன்ட்தானே, காத்திருப்பார் என்று நினைத்திருக்கிறார்.

இன்று நான்காவது முறை. "அந்த க்ளையன்ட்டை அடுத்த மாசம் பாத்துக்கலாம்மா" என்றார். கழிப்பறைக்குப் போய் அழுதேன். இந்த வருடம் முழுக்க நான் அழுகிற இடம் அதுதான், உனக்குத் தெரியாது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நாட்காட்டியில் அந்தத் தலைப்பை மாற்றினேன்: 'குழந்தைக்காக மருத்துவரிடம் போகிறேன். நகர்த்தக் கூடாது.' அலுவலகமே பார்த்தது. பார்க்கட்டுமே!

மேலாளர் எழுந்து வந்தார். "மூணு தடவையும் இதுதானாம்மா?" என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ப்ரமோஷன் வேண்டாம் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். இருக்கிற சம்பளத்தில் வளர்கிற பிள்ளை வளரட்டும்.

ஒவ்வொரு முறை தள்ளிப்போனபோதும் நீ நிம்மதியாக மூச்சு விட்டாயே, அது எனக்குக் கேட்டது.

வியாழன் காலை பத்து மணி. உனக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறேன். அடியில் 'வர இயலாது' என்று ஒரு பொத்தான் இருக்கும். தைரியம் இருந்தால் அதை அழுத்து.

இம்மியும் நகராத,
உன் முன்கோபக்காரி