எஸ்தர் திருப்பிப் பார்த்த பத்துக் கட்டைகள்

பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று என்னை "அண்ணாச்சி" என்று கூப்பிட்ட என் அன்புத் தம்பி அருள்ராஜுக்கு,

இதை நானே எழுதுகிறேன். நம்புவாயா? யாரையும் உட்கார வைத்து எழுதச் சொல்லவில்லை. அறுபத்தாறு வயதில் என் கை பேனா பிடித்திருக்கிறது. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிப்போகிறது. ஆனாலும் எழுத்து கோட்டின் மேலேயே நிற்கிறது தம்பி.

நாம் குடியிருந்த காம்பவுண்டு வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறார்கள். ஒரு வருடமாகப் போகிறேன். இப்போதெல்லாம் சும்மாவே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நிற்கிறேன். மங்கலம், தாராபுரம், கணியூர் என்று ஒவ்வொரு பஸ்ஸாகப் படிப்பேன். ஒரு கண்டக்டர், "பெரியவரே, ஏறுறீங்களா இல்லீங்களா?" என்றார். "இல்லீங்க, படிச்சுட்டுப் போயிர்றனுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார். நானும்தான். இந்தக் கடிதத்தைக்கூட எங்கள் வகுப்பின் கையெழுத்துப் பத்திரிகையில் சேர்க்கப்போகிறார்கள். நான்கு பேர் படிக்கட்டும். படித்து என்னை என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும்.

அந்தச் சந்தோஷத்தோடு நின்றிருக்கலாம். வீட்டுக்குள்ளும் எழுத்து இருந்ததை நான் மறந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை உன் தகரப் பெட்டியைத் திறந்தேன். உன் ஜெபப் புத்தகத்தைப் படித்துப் பார்க்கலாம் என்று ஓர் ஆசை. அதற்குள் நானே மடித்து வைத்திருந்த பள்ளிக்கூடத்துக் காகிதம் கீழே விழுந்தது. அடியில் என் பெருவிரல் ரேகை, மை கொஞ்சமும் மங்காமல். கைநாட்டு வைத்து ஏழு வருடம் கழித்து அதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். படித்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னது நினைவிருக்கிறதா? "பிள்ளைய மட்டும் படிக்க வச்சிருங்க அண்ணாச்சி. வேற ஒண்ணும் வேண்டாம்." சரி என்றேன். பிள்ளையின் அம்மா உனக்கு முன்பே இறந்துபோயிருந்தாள். கல்யாணமே செய்துகொள்ளாத எனக்கு ஏழு வயதில் ஒரு மகள் கிடைத்தாள். வலது கையும் வலது காலும் சொன்னபடி கேட்காத மகள். இடது கையால் உண்டு, இடது கையால் எழுதி, எஸ்தர் இரண்டாம் வகுப்புக்கு வந்தாள்.

நீ போன மறு வருடம் பள்ளிக்கூடத்தில் ஒரு சோதனை வைத்தார்கள். பாடத்தில் பின்தங்கும் பிள்ளைகளின் அறிவை அளந்து பார்ப்பதாம். கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா பெட்டியோடு வந்திருந்தார். வராந்தாவில் ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சிறுமியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது அவள் திரும்பவே இல்லை. அவளுக்குக் காது கேட்காது என்று பக்கத்தில் இருந்த பிள்ளைதான் சொன்னது. அவளிடமும் வாயால்தான் கேள்வி கேட்டார்கள்.

எஸ்தரை உள்ளே அனுப்பும் முன் நான் அவளிடம் குனிந்து ஒன்று சொன்னேன். "அவசரப்படாத கண்ணு. ஒவ்வொன்னையும் திருப்பிப் பாத்து வெய்யி, உங்கொப்பனாட்ட."

எனக்குத் தெரிந்த சோதனை அது ஒன்றுதானே தம்பி? ஒரு பனியனைக் கையில் எடுத்தால் நீ உள்ளே கை விட்டு விரிப்பாய். உட்புறம் திருப்பி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் என் இஸ்திரி மேசைக்குத் தள்ளுவாய். வேகமாகத் தள்ளியவர்களின் பீஸ் எல்லாம் திரும்பி வரும். உன் பீஸ் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

நான் கதவோரம் நின்றேன். அந்த அம்மா மேசைமேல் ஒரு பலகையை வைத்தார். வட்டம், நட்சத்திரம், சிலுவை என்று பத்துக் குழிகள். அவற்றில் பொருத்துவதற்குப் பத்து மரக்கட்டைகள். அவர் கையில் ஒரு கடிகாரம். உன் மகள் முதல் கட்டையை இடது கையில் எடுத்தாள். புரட்டி அடிப்பக்கம் பார்த்தாள். விளிம்பைப் பெருவிரலால் தடவினாள். அப்புறம்தான் குழியில் வைத்தாள். பத்தையும் அப்படியே செய்தாள். நட்சத்திரத்தை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது தம்பி. கடிகாரம் ஓடுவதை நானும் பார்த்தேன். அது அவளுக்காகத்தான் ஓடுகிறது என்று தெரியவில்லை.

பத்தும் சரியாக உட்கார்ந்தன. ஒன்றுகூடத் தப்பில்லை. அதை யாராவது எழுதிக்கொண்டார்களா?

அடுத்து ஒரு படம் காட்டினார். ஒரு கை இல்லாத சட்டை. இதில் என்ன குறை என்று கேட்டார். எஸ்தர் நன்றாகப் பார்த்துவிட்டு, "குறை ஒன்னுமில்லீங்க. இந்தக் கை வெச்சாச்சு, அந்தக் கையை இனிமேத்தான் வெப்பாங்க" என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுதிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்துத் தலைமை ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார். அந்தக் காகிதத்தை என் முன்னால் வைத்தார். எழுத்துத்தான் எனக்குத் தெரியாது, எண் தெரியும். ஐம்பத்து நான்கு என்று போட்டிருந்தது. முப்பத்தைந்து எடுத்தாலே பாஸ் அல்லவா? "பரவாயில்லீங்களே சார், புள்ள பாஸாயிட்டாளே" என்றேன். அது மார்க் இல்லை, அறிவை அளந்த எண் என்று சொல்ல அவருக்கும் மனம் வரவில்லையோ என்னவோ. இவளைப் போன்றவர்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கிருந்து கடிதம் வரும் என்று மட்டும் சொல்லி, "இங்க ஒரு கைநாட்டு வைங்க" என்றார். இரண்டு பிரதியிலும் அழுத்தி வைத்தேன், ஒன்றை என்னிடமே கொடுத்தார். வரும் வழியில் ஜிலேபி வாங்கினேன். காம்பவுண்டில் எல்லாருக்கும் கொடுத்தோம். உன் படத்துக்கு முன்னாலும் ஒன்று வைத்தேன்.

இப்போது அந்த ஜிலேபிக் கடைப் பக்கமே நான் போவதில்லை.

கடிதம் வரவில்லை. கரண்ட் பில் வந்தாலும் ரேஷன் சீட்டு வந்தாலும் எடுத்துக்கொண்டு மளிகைக் கடைக்கு ஓடுவேன், அதுதானா என்று கேட்க. பள்ளிக்கூடத்துக்கும் இரண்டு தடவை போனேன், வரும் என்றார்கள். அப்புறம் நானும் ஓடுவதை நிறுத்திவிட்டேன். எஸ்தர் வீட்டிலேயே இருந்தாள். கம்பெனிப் பனியன்களில் தொங்கும் நூல் பிசிறு வெட்டினாள். இப்போது பதினைந்து வயது. கம்பெனியில் செக்கிங் மேசையில் நிற்கிறாள், நீ நின்ற அதே இடத்தில்.

காகிதத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். "இச்சிறுமிக்கு வயதுக்கேற்ற அறிவு வளர்ச்சி இல்லை. வகுப்பில் கற்க இயலாதவர். காப்பாளரின் விருப்பப்படி பள்ளியிலிருந்து நீக்கப்படுகிறார்."

என் விருப்பமாம் தம்பி.

அந்தச் சொல்லை மட்டும் நான்கு தடவை எழுத்துக் கூட்டினேன். ஒவ்வொரு தடவையும் அதுவாகவே வந்தது. இதைப் படிக்கத்தானா நான் எழுத்துக் கற்றேன்?

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமை ஆசிரியர் வேறொருவர், நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார். எஸ்தரை மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். பதினைந்து வயதுப் பெண்ணை இரண்டாம் வகுப்பில் எப்படி உட்கார வைப்பது என்று கேட்டார். பிறகு காகிதத்தைத் தொட்டுக் காட்டி, "நீங்கதானுங்களே கைநாட்டு வெச்சிருக்கறீங்க?" என்றார். ஆமாங்க என்றேன்.

அன்று சாயங்காலம் எஸ்தரை என் வகுப்புக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டேன். இந்த வயதில் எனக்கே வருகிறதே, உனக்கு வராதா என்றேன். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே, "எனக்கு வராதுங்க பெரியப்பா. அதுதான் அளந்து பாத்துட்டாங்கல்ல?" என்றாள். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள். ஏழு வருடமாக அதை உள்ளே வைத்துக்கொண்டு என்னோடு சிரித்துப் பேசியிருக்கிறாள். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஜிலேபி தின்ற அன்றே தெரியுமோ? கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

காகிதத்தை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். திருப்பிப் பார்த்து வைக்கச் சொன்னது நான், நேரம் போனது என்னால் என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள். புரட்டினாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பின்னாடி யாரும் ஒன்னும் எழுதலீங்களே" என்றாள். என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள்.

தம்பி, அவளைப் படிக்க வைப்பேன் என்று இன்னொரு தடவை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் இல்லை. முதல் தடவை சொன்னதே என் விரலில் மையாகிப் போனது. ஒன்று மட்டும் சத்தியமாகச் செய்வேன். இந்தக் கடிதம் முடிந்ததும் அந்தக் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதுவேன். பத்துக் கட்டைகளையும் அவள் சரியாக வைத்தாள் என்று எழுதுவேன். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துத்தான் வைத்தாள் என்று எழுதுவேன். சட்டையின் இன்னொரு கையைப் பற்றி அவள் சொன்னதையும் எழுதுவேன். இது என் விருப்பம் அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பள்ளிக்கூடத்தில் காட்டுவேன். அதனால் எதுவும் மாறாது. எனக்குத் தெரியும்.

அதைப் படிக்க, இரண்டாம் வகுப்பில் கற்ற எழுத்தில் அவளிடம் என்ன மிச்சம் இருக்கிறதோ தெரியாது. ஆனால் அடுத்த தடவை அவள் புரட்டிப் பார்க்கும்போது பின்பக்கம் வெறுமையாக இருக்காது.

அன்று விரலை நீட்டியவனும் இன்று இதை எழுதியவனுமான,
உன் அண்ணாச்சி, எஸ்தரின் பெரியப்பா
மாரப்பன்